வாசலில் தொங்கிய டுரியான்

கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க ரயிலேறி வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கண்திருஷ்டி பயம் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே வந்தவர்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி. இந்தத் தடவை வாசலில் பூசணிக்காய் கட்டியே தீரவேண்டும் என்று, அப்போதுதான் ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கியிருந்த என் தாய்மாமனைப் பாசாருக்கு அனுப்பினாள்.

மாமா, பலாப்பழத்துக்குத் தங்கை மாதிரி இருக்கும் டுரியானோடு வந்து நின்றார். இத்தனை முள் இருந்தால் எந்தக் கண்ணும் கிட்டே வராதாம். அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல் நிலையில் அது தொங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கழற்றுங்கள் என்று கத்தினேன். திருஷ்டிக்குக் கட்டியதை நல்ல காரியம் முடியாமல் அவிழ்த்தால் ஆகாது என்று அம்மாவும் தன் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டாள். அப்பா ரயில்வேயில் பத்துப் பேரை விரட்டுகிறவர். வீட்டில் அம்மா சொன்னால் சரி.

மத்தியான வெயிலில் பழம் வெடித்தது. அந்த வாடைக்கு முன்னால் சாம்பிராணியெல்லாம் எம்மாத்திரம்? மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை. பக்கத்தில் சாக்கடையா என்று மட்டும் விசாரித்தார். நான் கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தேன். பிடித்துப்போய்விட்டது, அதுதான் வினை. முன்பு வந்தவர்கள் போனபோது பீடை விட்டது என்றிருந்தவள், இவரும் எழுந்து போய்விடுவாரோ என்று அம்மா கூப்பிடுவதற்கு முன்பே காப்பித் தட்டைத் தூக்கிவிட்டேன்.

அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத இறக்க மாட்டீங்களா?" என்று மாமாவைக் கேட்டார்.

நல்ல காரியம் முடியாமல் இறக்கக் கூடாது என்று மாமா விளக்கினார்.

"அப்ப முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்குங்க. இறக்குங்க."

அவருடைய அம்மா முந்தானையை மூக்கில் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். தன் வீட்டில் டுரியானை வாசற்படி ஏறவிடாத மனுஷி அவர். மாமா பழத்தைப் பிளந்து வைக்க, மாப்பிள்ளை சட்டைக்கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுளை சுளையாக உள்ளே போகிறது. நான் ஒருத்தி காப்பி ஆற ஆற நிற்கிறேன். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பாளா? நான் திறந்தேன்.

"சம்மதம் பழத்துக்கா, பொண்ணுக்கா?"

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! பிறகு, ஒற்றைச் சுளை மிச்சமிருந்த முள்தோலை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"உள்ளதுலயே பெரிய சுளை இதுதான். உங்களுக்குன்னு மொதல்லயே ஒதுக்கி வச்சிட்டேன்."

அவர் அம்மா பார்க்க, என் அம்மா பார்க்க, நான் அங்கேயே உட்கார்ந்து அதைத் தின்றேன்.