சரி என்பதை முதல் தடவையே சொல்வது

என் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக அவள் சொன்னபோது எனக்கும் என் மனைவிக்கும் மறுப்பு ஒன்றும் இல்லை. வீடியோ காலில் இரண்டு முறை வணக்கம் சொன்னான். நல்ல முகம். என்னுடைய பயமெல்லாம் அவனுடைய அப்பா அம்மாவைப் பற்றித்தான். அவர்களுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தெரியும். எனக்குத் தமிழ் மட்டும்தான், அதையும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக், ஆட்டோக்களுக்கு சீட்டு தைக்கிறேன். வருகிறவர்கள் நிறத்தைச் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். நாள் ஓடிவிடும்.

பையனின் அப்பாவும் அம்மாவும் கன்னியாகுமரி பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"நீங்க பேசுறதை நான் போன்ல இருந்து இந்தியில மாத்திச் சொல்லவாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நான் பேசிக்கிடுதேன்" என்றேன். சம்பந்தி ஆகப்போகிறவர்களிடம் மகளின் வாயால் பேசுவது எனக்குக் கேவலமாகப் பட்டது. அந்த வீம்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஆங்கில உரையாடல் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு, கீழே பொருள் கொடுத்திருந்தார்கள். ரயில் நிலையத்தில், ஓட்டலில், விருந்தினரை வரவேற்றல் என்று தனித்தனிப் பாடம். ஒன்றரை மாதம் படித்தேன். ரெக்ஸினை வெட்டுவதற்குக் கோடு போடும் சாக்பீஸால் அதன் பின்பக்கத்திலேயே எழுதிப் பழகினேன். அப்படி ஒரு துண்டு கவனிக்காமல் தைக்கப்பட்டு, யாரோ ஒருவருடைய ஆட்டோ சீட்டுக்குள் 'வெல்கம் டு அவர் ஹோம்' இன்றும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு என்னை விடவில்லை.

"என்னவே, வாய் மட்டும் அசையுது, சத்தத்தைக் காணோம்? வெள்ளக்காரனுக்குக் காது அவ்வளவு கூர்மையா வே?"

"அவுக புனேக்காரங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் சொந்தமில்ல. ஆளுக்குப் பாதி பேசுங்க."

ஆனால் நல்ல மனிதர். அவர்களைத் திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து அழைத்துவரத் தன் வேனை அவரே ஓட்டி வந்தார்.

ரயில் நின்றது. பையனின் அப்பா உயரமானவர், அம்மா சிரித்த முகம். நான் கும்பிட்டுவிட்டு, "ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?" என்றேன். புத்தகத்தில் இதற்குப் பதில் "ஃபைன், தேங்க்யூ" என்று அடுத்த வரியிலேயே இருக்கும். அவரோ ஏதோ கதைபோல நீளமாகச் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது 'விண்டோ' ஒன்றுதான். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, அந்தப் புத்தகத்தின்மேல். புத்தகத்தில் கேட்கிறவனும் நான், பதில் சொல்கிறவனும் நான். உலகத்தில் அப்படியா நடக்கிறது?

வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் அவர் வெளியே காட்டி, இதில் எப்போதும் தண்ணீர் ஓடுமா என்று கேட்டார். கேள்வி விளங்கிவிட்டது. வருஷம் முழுக்க ஓடும், எங்களுக்கு இரண்டு போகம் நெல் என்று சொல்ல ஆசை. ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து முடித்தபோது ஆறு போய், வயல் போய், ஒரு பெட்ரோல் பங்கு வந்திருந்தது. "யெஸ்" என்றேன். எதற்கு யெஸ் என்று அவருக்கு மறந்திருக்கும்.

"பொரிஞ்சு தள்ளுதீரே வே" என்றார் ஜெராக்ஸ்காரர், சாலையைப் பார்த்தபடியே.

வீட்டில் என் மனைவி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தாள், கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். பையனின் அம்மா ரசித்துச் சாப்பிட்டார். மறுசோறு கொண்டுபோனபோது "நோ, தேங்க்யூ" என்று இலைக்குமேல் கையை விரித்தார். எங்கள் பக்கம் முதல் தடவை 'போதும்' என்று சொன்னால் யாரும் அதைப் போதும் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. என் மனைவி கைக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் சோற்றை வைத்தாள். அவர் மறுபடியும் நோ என்றார். சொதியை ஊற்றினாள். மூன்றாவது நோ கொஞ்சம் விறைப்பாக வந்தது. நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இவர்கள் முதல் தடவை சொல்வதே கடைசிச் சொல் என்று அந்த இலையிலேயே எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். பையனின் அப்பா என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுக் கேட்டார். "வி ஆர் வெரி ஹேப்பி. ஆர் யூ ஹேப்பி? கேன் வி கோ அஹெட்?"

முழுதும் புரிந்தது. அன்று முழுக்க அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பாமல் புரிந்தது அது மட்டும்தான். நான் என்ன சொன்னேன்?

"ஐ வில் ஆஸ்க் அட் ஹோம் அண்ட் டெல்."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பதை முன்பே கோத்து வைத்திருந்தேன். வீடு அதுதான், கேட்க வேண்டியவளும் எதிரே நின்றாள். ஆனால் பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படிச் சொல்வான்? கேட்ட உடனே சரி என்றால், எப்போது தள்ளிவிடலாம் என்று காத்திருந்ததுபோல ஆகாதா? என் மாமனார் என் அப்பாவிடம் இப்படித்தான் சொன்னார். என் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே "அப்ப என்ன அண்ணாச்சி, பேசிருவமா?" என்று மறுபடி கேட்டார். அதற்குப் பிறகுதான் மாமனார் சிரித்து, தட்டு எடுத்து வரச் சொன்னார். எங்கள் வீட்டிலும் உள்ளறையில் வெற்றிலை, பழம், பூ எல்லாம் தட்டில் தயாராக இருந்தன.

அவர் "ஓ. ஷ்யூர்" என்றார். பிறகு ரயில் நேரத்தைப் பற்றிப் பேசினார். நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். காப்பி குடித்தபோது கேட்கவில்லை. செருப்பு மாட்டும்போதும் கேட்கவில்லை. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கேளுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ரயில் கிளம்பிவிட்டது.

"பேசி முடிச்சாச்சா வே?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"இன்னொரு தடவை கேப்பாவ."

"எப்ப? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வந்தா?"

மறுநாள் மதியம் மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லிருக்கலாமேப்பா. நம்ம சாதியில இல்லைன்னு யோசிக்கீங்க போல, கட்டாயப்படுத்த வேண்டாம்னு அவுக சொல்லுதாவ. அம்மா அத்தனை சோறு போட்டது அந்தச் சங்கடத்தை மறைக்கத்தானாம்."

"ஏட்டி, நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்?"

"சரின்னும் சொல்லலைல்லா?"

தானே பேசிச் சரிசெய்வதாகச் சொன்னாள். நான் விடவில்லை. கெடுத்தது என் வாய், அதுதான் பேச வேண்டும்.

ஜெராக்ஸ்காரர் செல்போனை நீட்டினார். "தமிழ்ல சொல்லும். இது இங்கிலீஷாக்கி அனுப்பிரும். ஒரு நிமிஷ வேலை."

"கல்யாணத்துக்குச் சம்மதம் எழுத்துலயா வே அனுப்புவாவ?" என்றேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நம்பரைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே இரண்டு முறை நானே நிறுத்தினேன். மூன்றாவது முறை அவர் எடுத்துவிட்டார்.

"ஹலோ?"

"சார். யெஸ்."

"யெஸ்?"

"மேரேஜ் யெஸ். ஐ யெஸ். மை ஒய்ஃப் யெஸ். யெஸ்டர்டே ஆல்ஸோ யெஸ்."

"தென் ஒய் டிட் யூ நாட் சே?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஏன் சொல்லவில்லை என்பது முழுதாக, அழகாக, என் நாக்கில் தமிழில் இருந்தது. என் அப்பா, மாமனார், செருப்பு, தட்டு, எல்லாம். அதில் ஒன்றைக்கூட அவரிடம் கொண்டுசேர்க்க முடியவில்லை. "ஐ வெயிட்" என்றேன். அவர் "ஓகே, ஓகே, வெரி குட்" என்று, குழந்தையைத் தேற்றுவதுபோலச் சொல்லி, தன் மனைவியைக் கூப்பிட்டார்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். அவள் குரல் பழையபடி இருந்தது. நான் ஏன் காத்திருந்தேன் என்பதை அவர்களுக்கு விளக்கிவிட்டாளாம். இரண்டே நிமிஷத்தில் புரிந்துகொண்டார்களாம். ரொம்ப நேரம் சிரித்தார்களாம்.

"எதுக்குச் சிரிச்சாவளாம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியல" என்றேன். எனக்கும் அதைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்போல இருந்தது.