ராமென் கடையில் பாண்

ராமென் என்கிற ஜப்பான் நூடுல்ஸ் விற்கும் அந்தக் கடைக்கு மகளைக் கூட்டிப்போனது நல்ல எண்ணத்தோடு அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவளுக்கு ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. மொழிப் பரீட்சையும் பாஸ். "அப்பா சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்று அவள் சொல்லி இரண்டு வாரமாகியும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போகாதே என்று சொல்ல எனக்கு முகமில்லை. அவளாகவே வேண்டாம் என்றுவிட்டால் தேவலை என்றிருந்தது.

தேங்காய்ச் சம்பல் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறவள் அவள். அந்த நாட்டுச் சாப்பாட்டை ஒரு வாய் வைத்தால் போதும், மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கடை கண்டிக்குப் பக்கத்தில் திகனவில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஜப்பானில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்த ஒரு முஸ்லிம் நானா திறந்தது. நாலு மேசை, பிளாஸ்டிக் கதிரைகள், கொத்துரொட்டி விலைக்கு ஒரு கிண்ணம் ராமென். கண்டி பஸ் பிடிக்கத் தினமும் அந்த வழியாகத்தான் போவேன். உள்ளே போனது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முதல் தடவை.

உட்கார்ந்ததுமே, "நானா, மாட்டெலும்பு சூப்பா?" என்று கேட்டேன். ஆமாம் என்றால், மாடு தொடாத நமக்கு அந்த நாடு சரிப்படாது என்று சொல்லி அப்படியே எழுந்துவிடலாமே.

"உங்களுக்குக் கோழி, அண்ணே. மாட்டுக்குப் பானை வேற, கரண்டி வேற" என்றார். அந்த வழியும் அடைபட்டது.

கிண்ணம் வந்தது. நூடுல்ஸ், கோழித் துண்டுகள், பாதி முட்டை, விளிம்பு வரைக்கும் சூப். கூடவே இரண்டு குச்சிகள். நான் குச்சியோடு மல்லுக்கட்ட, நூடுல்ஸ் வழுக்கிச் சட்டையில் விழுந்தது. மகள் குச்சியால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் பிசகவில்லை.

"குச்சி பிடிக்க எங்க பழகினம்மா?"

"வீட்லதான். நீங்க வேலைக்குப் போன பொறகு, இடியப்பத்துல."

எனக்குச் சுருக்கென்றது. அவள் எப்போதோ தயாராகிவிட்டாள். என் ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறாள்.

நூடுல்ஸைக் கரண்டியால் எப்படியோ முடித்தேன். சூப் அப்படியே கிடந்தது. கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கலாம் என்று யார் கண்டது? நம் வீடுகளில் குழம்பு மிஞ்சினால் தோய்த்துத் தின்ன பேக்கரிப் பாண்தானே வேண்டும்? "நானா, கொஞ்சம் பாண் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

நானா சிரிக்கவில்லை. உள்ளே போய், தனக்கென்று வைத்திருந்த பாணில் பாதியைக் கொண்டுவந்து வைத்தார். "அங்க போன புதுசுல நானும் இப்படித்தான் கேட்டேன். இல்லன்னுட்டாங்க. ரூமுக்கு வந்து அழுதேன்" என்றார்.

நான் எதிர்பார்த்து வந்த பேச்சு அதுதான். பார்த்தாயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளைப் பார்த்தேன். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பாணில் ஒரு துண்டைப் பிய்த்து என் சூப்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு அங்க சாப்பாடு பயமில்லப்பா. நான் போனா நீங்க மூணு நேரமும் இந்தப் பாணத்தான் தின்னுக்கிட்டு இருப்பீங்க. அதுதான் பயம்."

அவளை நிறுத்த நான் வழி தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும், அவள் என் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"இடியப்பம் அவிக்கிறத மட்டும் சொல்லிக் குடுத்துட்டு, போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தை மறைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள். சூப் தீர்ந்த பிறகும் வெகுநேரம் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.