பேக்கன் போடாத சவுடர்

பெரியத்தா, நீங்கள் மேடையில் சொல்வது பொய். அந்தச் சட்டியிலிருந்து ஒரு வாய்கூட நம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரிட்ஜ்வாட்டரில் என் அத்தாவின் அண்ணனான உங்கள் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஐரிஷ் ஆன்ட்டி தனியாக இருந்தார். ஜனவரிக் கடைசியில் ஒரு மத்தியானம், பனி இறுகிக் கிடந்த டிரைவ்வேயில் ஒரு சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். மீன், மட்டி, உருளைக்கிழங்கு, பால் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சும் அவர்கள் ஊர் சவுடர். வழக்கமாக அதில் பேக்கன் போடுவார்களாம். நாம் பன்றி தொடமாட்டோம் என்பதால் போடவில்லை, சட்டியும் புதிது என்றார். இன்று தன் அண்ணனின் நாள் என்றும் சொன்னார். நீங்கள் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னீர்கள்.

கதவைச் சாத்தியதும் உங்கள் குரல் மாறியது. "சிங்க்ல கொட்டு."

"பேக்கன் இல்லேன்னு சொன்னாங்களே," என்றார் அம்மா.

"அவ சொன்னா ஆச்சா? எந்தக் கரண்டிய விட்டுக் கிண்டினாளோ."

நீங்களே கொட்டினீர்கள். சிங்க்குக்கு அடியில் இருக்கும் மெஷினைப் போட்டு அரைத்தும் விட்டீர்கள். வீடு முழுக்க வெண்ணெயும் மீனும் மணந்தது.

சாப்பிடாதது தப்பில்லை. சந்தேகம் வந்தால் சாப்பிடக் கூடாதுதான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் சட்டியைக் கழுவி என் கையில் கொடுத்தீர்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வா."

சொன்னேன். யார் அதிகம் சாப்பிட்டது என்று ஆன்ட்டி கேட்டார்.

"பெரியத்தா. ரெண்டு பவுல்."

"என் அண்ணனும் ரெண்டாவது பவுல் கேட்பான்," என்று சொல்லி, சட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். கண் நிறைந்திருந்தது. சூப்புக்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருடைய ஊர் டெர்ரி. அங்கே ஒரு ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. செத்தவர்களில் அவர் அண்ணனும் ஒருவர். சுட்டது நியாயமில்லை என்று பிரிட்டிஷ் பிரதமர் பார்லிமென்டில் எழுந்து ஒப்புக்கொள்ள முப்பத்தெட்டு வருஷம் ஆனது. இதெல்லாம் வளர்ந்த பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

இந்த வருஷமும் பள்ளிவாசல் ஹாலில் எல்லா மதத்தாரையும் கூப்பிட்டு இஃப்தார் வைத்தீர்கள். மைக்கைப் பிடித்து, "அவங்க அண்ணன் நினைவா கொண்டுவந்த சூப்ப நான் ரெண்டு பவுல் குடிச்சேன்," என்றீர்கள். ஆன்ட்டி முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். ரெண்டு பவுல் என் பொய். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

அன்று நான்தான் ஆன்ட்டியை வீட்டுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிவந்தேன். காரில் கேட்டேன், அந்தச் சவுடரை ஏன் எங்களுக்குக் கொடுத்தார் என்று. பெரியத்தா, உங்கள் அத்தா இறந்த நாளில் குர்ஆன் கத்தம் ஓதி, தெருவில் எல்லா வீட்டுக்கும் நெய்ச்சோறு கொடுப்பீர்களே, ஆன்ட்டிக்கும் கொடுத்தீர்கள். செத்தவர்களுக்காக அடுத்தவர் வாய்க்குக் கொடுப்பது என்று என் அம்மா அவருக்கு விளக்கினாராம். அதுவரை ஆன்ட்டி தன் அண்ணன் இறந்த நாளில் சமைத்ததே இல்லை. நம்மைப் பார்த்துத்தான் சமைத்திருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியாது.

அடுத்த இஃப்தாருக்கும் ஆன்ட்டி வருவார். என் பொய்யை நான் எழுந்து சொல்வேன். அந்தச் சட்டியில் இருந்தது எங்கே போனது? அதே மைக்கில், அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் பதில் சொல்லுங்கள்.