பவுனம்மாள் கொடுக்காத வீடு

பாலக்கரையில் ஃபயர் வண்டியின் மணிச்சத்தம் கேட்டால் தெருவே வேடிக்கை பார்க்க ஓடும். பவுனம்மாள் மட்டும் வாசலுக்கு வந்து காறித் துப்புவாள். சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவள். புருஷன் இல்லை, ஒரு மகள். வாய் மோசம் என்று தெருவில் பெயர். அந்த வாய் எப்படி வந்தது என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது.

1958 சித்திரையில் தெருமுனையில் ஒரு கூரை பற்றிக்கொண்டது. காற்று தெருவுக்குள் அடித்ததில் அடுத்தடுத்த வீடுகளும் பிடித்துக்கொண்டன. வண்டி வந்ததும் வீரமலை என்ற ஃபயர்மேன் பவுனம்மாள் வீட்டுக் கூரையில் கொக்கியை மாட்டி இழுத்தான். ஒரு பொறிகூட விழாத கூரை. நடுவில் ஒரு வீடு இல்லாமல் போனால் தீ தாண்டாது, அவ்வளவுதான் கணக்கு. பவுனம்மாள் இறவாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், அவன் கையைக் கடித்தாள். அவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். தீ அங்கேயே நின்றது. அதற்கு அப்புறம் இருந்த வீடுகளெல்லாம் தப்பின.

எரிந்த வீட்டுக்காரர்களுக்குச் சர்க்காரிலிருந்து அரிசி, மூங்கில், கீற்று எல்லாம் கிடைத்தது. பவுனம்மாள் வீடுதான் எரியவில்லையே! அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை. தப்பித்தவர்களாவது ஆளுக்கு நாலு கீற்று கொடுத்திருக்கலாம். "ஃபயர் சர்வீஸ்காரன்தானே பிரிச்சான், அவன்கிட்ட கேளுங்க" என்றார்கள். அந்த வருஷத்து மழையை அவளும் மகளும் சாக்குப் படுதாவுக்குள் கழித்தார்கள். அதற்குப் பிறகு அவள் தெருவில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு ரோசரி தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தீயணைக்கும் படையைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய படப்புத்தகம். எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் இருந்த ரிடயர்டு வாத்தியார் சௌரிராஜன். யாரோ சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு வந்திருக்குக்கா!" என்று சொல்லி ரோசரி படித்தாள். "வீரமலை கைகூப்பி வேண்டினார். 'ஊர் பிழைக்கட்டும், என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பவுனம்மாள் புன்னகையுடன் கூறினார்."

தெருவுக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன? அவளே மனசாரக் கொடுத்தாள் என்றால் யார் மேலும் குற்றமில்லை. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் குழாயடியில் இளித்தபடி, "பெரிய மனசு உங்களுக்கு" என்றார்கள். பவுனம்மாள் குடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு நடந்தாள். வீட்டைப் பிடுங்கினார்கள், சரி. பிடுங்கினார்கள் என்கிற உண்மையையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

நேரே ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனாள். வீரமலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னைக் கும்பிட்டியாய்யா?"

"கும்பிட்டுக்கிட்டு நின்னிருந்தா பாலக்கரையே போயிருக்கும்" என்றான். புத்தகம் வந்ததிலிருந்து அவனுக்கும் எரிச்சல்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்பிக் கேலி செய்தார்கள்.

"அப்ப வந்து அதைச் சொல்லு."

டியூட்டி முடிந்ததும் இருவரும் ஸ்ரீரங்கத்துக்கு ஒரே பஸ்ஸில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து போனார்கள். வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னார்கள்.

"குழந்தைகள் வாசிக்கிற புஸ்தகம் அம்மா. த்யாகம்னு சொன்னாத்தானே மனசுல பதியும்? கடிச்சா, பிடுங்கினான்னெல்லாம் எழுத முடியுமோ? உங்களை உசத்தியாத்தானே எழுதியிருக்கேன்!"

"எனக்கு உசத்தி வேணாங்க. நான் குடுக்கலை."

"அச்சாயிடுத்தே" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். படித்த மனிதர்!

பாலக்கரையில் இறங்கியதும் வீரமலை தன் வழியில் போகவில்லை. காக்கி உடுப்போடு அவள் பின்னாலேயே வந்து குழாயடியில் நின்றான். தண்ணீர் பிடிக்க வந்த கூட்டம் அவனைப் பார்த்தது.

"இந்தம்மா வீட்டைக் குடுக்கலை. நான்தான் பிடுங்கினேன். இவங்க அழுதாங்க. நீங்க எல்லாரும் பின்னால நின்னு, 'இழு, சீக்கிரம் இழு'ன்னு கத்துனீங்க. புஸ்தகத்துல அதைக் காணோம்."

ரோசரி பாதிக் குடத்தோடு நகரப் பார்த்தாள்.

"நில்லுடி" என்றாள் பவுனம்மாள். பிறகு வீரமலையிடம் திரும்பினாள். "இன்னொரு தரம் சொல்லுய்யா. கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்காது."