கோலமாவுக் கோடு

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்தார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். தலைகுனிந்து காபி கொடுக்கிற சடங்கெல்லாம் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து சும்மா ஜாலியாகப் பிக்கிள்பால் விளையாடுவோம், பேசிப் பழகின மாதிரியும் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த விளையாட்டின் பெயரையே அப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் தாத்தா உடனே சரி என்றுவிட்டார். அம்மாவின் தங்கையான சித்திக்கு முப்பது முடிந்திருந்தது. கூடிவந்த சம்பந்தங்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயிருந்தன. மாப்பிள்ளை மரத்தில் ஏறச் சொல்லியிருந்தாலும் தாத்தா ஏணியைத் தேடிப் போயிருப்பார்.

அப்பா வேலை பார்த்த நூல் மில் வடமதுரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் குடியிருப்பில் யாருமே விளையாடாத ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் அங்கே கூடினோம். பிக்கிள்பாலுக்கு டென்னிஸ் கோர்ட்டில் பாதிகூட வேண்டாமாம். மாப்பிள்ளை டேப்பால் அளந்து சொல்லச் சொல்ல, அம்மா குனிந்து சிமெண்டுத் தரையில் கோலமாவால் கோடு இழுத்தாள்.

சித்தி காலேஜில் பூப்பந்து ஆடியவள். மட்டையை வாங்கி அந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை நாலு தட்டு தட்டியதுமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அம்மாவுக்கு அதுதான் பயம். சித்தியின் தலையில் பூவைச் சரிசெய்வதுபோலப் பக்கத்தில் வந்து, "ரெண்டு பந்த விட்டுக்குடுடீ. செத்த நேரந்தான. ஜெயிச்சுட்டு அப்புறம் முழிச்சிக்கிட்டு நிக்காத" என்றாள். என்னையும் ஒரு முறை முறைத்தாள். ஆறாம் வகுப்புப் படித்த நான்தான் சித்திக்கு ஜோடி. எதிரே மாப்பிள்ளையும் அவர் தங்கையும்.

சித்திக்கு அவரைப் பிடித்திருந்தது. போனில் வந்திருந்த அவர் போட்டோவை யாரும் இல்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன் மாப்பிள்ளை எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். அம்பயர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ, அவர்கள்தான் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். கோட்டில் பட்டால் உள்ளே. "நேர்மைதான் பாப்பா இந்த கேமே" என்றார். எனக்கும் அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பதினோரு பாயிண்ட் ஆட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் முதலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்துக்கு வந்து, அவர்கள் ஒன்பதில் நின்றபோது பேச்சு அடங்கிவிட்டது. மாப்பிள்ளை தங்கையிடம் சிடுசிடுக்க ஆரம்பித்தார். அவருடைய அம்மா காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். எங்கள் அம்மா அந்தக் காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயித்துவிடுவோம். ஜெயித்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். ஆனாலும் ஜெயிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. வெகுநேரம் போய்வந்துகொண்டிருந்த பந்தை மாப்பிள்ளைக்கு எட்டாத மூலையில் போட்டாள். அது பின்கோட்டில் பட்டது. மாவு லேசாகப் பறந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். போய்ப் பந்தை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"அவுட்" என்றார்.

"கோட்டுல பட்டுச்சு, மாவு கலைஞ்சிருக்கு பாருங்க" என்று நான் வலையைச் சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

"ஏ புள்ள, வாய மூடு" என்று அம்மா அதட்டினாள். சித்தி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்லா பாத்தீங்களா?" என்று அவரிடம் கேட்டாள். சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை. ஏறக்குறையக் கெஞ்சுகிற குரல்.

"நல்லா பாத்தேங்க" என்று அவர் சிரித்தார்.

"சரிங்க. அவுட்தான்."

அதற்குப் பிறகு சித்தி அடித்ததெல்லாம் வலையிலேயே விழுந்தது. அவர்கள் ஜெயித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "அடக்கமான புள்ள" என்று சித்தியின் கன்னத்தைத் தொட்டார். அம்மா அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இரண்டு பஜ்ஜி அதிகமாகக் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே தின்றேன்.

மறுநாள் சம்மதம் என்று அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. சித்தி வேண்டாம் என்றுவிட்டாள்.

வீடே அமளிப்பட்டது. "அம்புட்டு நல்ல சம்பந்தம். என்ன கொறன்னாவது சொல்லித் தொலடீ" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி காரணம் சொல்லவே இல்லை. தாத்தா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. ஆட்டத்தில் தோற்றதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வாரம் ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது கேட்டேன். "அது கோட்டுல பட்டுச்சுல்ல சித்தி?"

"பட்டுச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல. எல்லாரும் வந்து பாத்திருப்பாங்க. அவரும் தப்ப ஒத்துக்கிட்டிருப்பாரு."

"ஆமா, எல்லாரும் வந்து பாத்தா ஒத்துக்கிட்டிருப்பாரு" என்று சித்தி ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். "அதுக்குத்தான் சொல்லல."

ஒத்துக்கொண்டால் நல்லதுதானே, இவ்வளவு படித்த சித்திக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.