ஜெர்மன் பிஸ்டலும் என் கடைச் சாவியும்

துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் துப்பாக்கியைச் சமாளித்துவிடலாம். அதைக் கொண்டுவருகிறவர்களைச் சமாளிப்பதுதான் தொழில். கடை வைத்து நொந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊட்டுக்காரர் எங்கீங்க?

1960களில், கடை நடத்திவந்த கணவர் காலமானதும் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி, திருப்பூர்க் கடையை மறுபடி திறந்தேன். முதலில் வந்தவர் அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரர். கையில் ஆரம்பகால ஜெர்மன் பிஸ்டல். ஒரு குண்டு வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். குண்டுப் பெட்டி விசைக்கு முன்னால், பிடியோ துடைப்பக்கட்டை மாதிரி.

“ஊட்டுக்காரர் எங்கீங்க?” என்றார். அவர் இல்லை, இனி வேலை என்னுடையதுதான் என்றேன். பிஸ்டலோடு திரும்பிப் போகப் பார்த்தார். “எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளைக்கும் இந்தக் கடையில நாந்தானுங்க இருப்பேன்” என்றேன். அவர் அதை மேஜைமேல் வைத்தார்.

“துப்பாக்கிக்குப் பயப்படலீங்க. பொம்பளைகிட்டக் குடுத்தா ஊருல என்ன பேசுவாங்களோன்னுதான்.”

கூன்

பனியன் கம்பெனி முதலாளி ஒருவரிடம் இன்னொரு பழைய ஜெர்மன் பிஸ்டல் இருந்தது. சுட்டதும் மேலே ஓர் இரும்பு மூட்டு, முழங்கால் மடங்குவதுபோல் மடங்கி நிமிரும். குண்டுகள் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். ஆனால் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த கூன் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பிற்பாடு வந்த பிஸ்டலில் அந்த ஸ்பிரிங்கைப் பிடிக்குள் கொண்டுபோய், பிடியையும் சாய்த்து, கையடக்கமாக்கிவிட்டார்கள். சிநேகிதரிடம் அதைப் பார்த்துவிட்டு வந்தவர், “இந்தக் கூனை வெட்டிருங்க” என்றார்.

“வெட்டுனா சுடாதுங்க. வெட்ட மாட்டேன். ஸ்பிரிங் தளர்ந்திருக்குது, அதை வேணா மாத்தித் தர்றேன்.”

மனசில்லாமல் வைத்துவிட்டுப் போகும்போது கேட்டார்:

“ஜெர்மன்காரன் செஞ்சதை நீங்க செய்ய மாட்டீங்களாக்கும்?”

கேட்டில் உட்கார்ந்தவர்கள்

ஸ்பிரிங் மாற்றி முடித்த சமயம், அவர் ஆட்கள் போனஸ் கேட்டுக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி என் கடை முன்னால் காரில் வந்து இறங்கினார்.

“இப்பவே குடுங்க. சும்மா காட்டத்தான்.”

இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். “வேலை முடிஞ்சுதுங்க. அவங்க எந்திரிச்சு வேலைக்குப் போனப்பறம் வாங்க.”

“உன் லைசென்ஸை என்ன பண்றேன் பாரு” என்றார். மரியாதை போய்விட்டது. எனக்கோ கடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

“எங்க வேணா போய்ச் சொல்லுங்க. எதுக்குக் கேட்டீங்கங்கறதையும் சேத்துச் சொல்லுங்க.”

போய்விட்டார். யாரும் விசாரிக்க வரவில்லை. பேச்சுவார்த்தை முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியபின் அவரே நடந்து வந்தார். துணியில் சுற்றித் தந்த பிஸ்டலை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“அன்னைக்குக் குடுத்திருந்தீங்கன்னா, காட்டறதோட நின்னிருப்பனான்னு எனக்கே தெரியலீங்க.”

குண்டு தானாக ஏறுவதற்கு ஜெர்மன்காரர்கள் அத்தனை வழி கண்டுபிடித்தார்கள்; கோபம் தானாக இறங்கும்வரை காத்திருக்கும் வேலையை மட்டும் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.