என் கலியாணத்தில் அப்பா பாடாத பாட்டு

அப்பா இல்லாத நத்தார்ப் பண்டிகை ஒன்று போய்விட்டது. பெரிய வெள்ளியும் போய்விட்டது. கோயிலில் பாடகர் குழு தொடங்கும்போதெல்லாம் இன்னும் என் கண் அவரைத்தான் தேடுகிறது. ஓராண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி எழுதும் கடமை மூத்த மகளாகிய எனக்கு வந்திருக்கிறது.

அப்பா பிறந்தது பாலையூற்றில். கோட்டைக் காவலுக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட படைவீரர்களின் வழிவந்த குடும்பம் எங்களுடையது. ஊரார் எங்களைக் காப்பிரியர் என்பார்கள். சிலர் மரியாதையாக, சிலர் அப்படியில்லாமல். அப்பாவின் தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வீட்டில் போர்த்துக்கேயம் கலந்த பறங்கிப் பாஷை, பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் ஆட்களில் முதன்முதலாக ஆசிரியப் பயிற்சிக்குப் போனவர் அப்பாதான்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டில் மூதூரில் முதல் நியமனம் கிடைத்தது. திங்கட்கிழமை லோஞ்ச் படகில் போய் வெள்ளிக்கிழமை திரும்புவார். முதல் நாள் அவருடைய நிறத்தையும் சுருண்ட தலைமயிரையும் கண்டு முன் வாங்கில் இருந்த பையன் அழுதே விட்டானாம். அப்பா கோபிக்கவில்லை. வாய்ப்பாட்டை மெட்டுக்கட்டிப் பாடத் தொடங்கினாராம். ஏழாம் வாய்ப்பாடு வருமுன் அவனும் சேர்ந்து பாடினான். அந்தப் பையன்தான் இன்று மூதூரில் நெல் வியாபாரி. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

நகரத்துக்கு மாற்றலாகி வந்தபின் பள்ளிக்கூடம், பாடகர் குழு, வீடு என்று அப்பாவின் நாட்கள் போயின. பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்கமாட்டார். சுருதி பிசகினால் மட்டும் முகம் கடுத்துவிடும். அம்மா குசினியில் வேலை செய்ய, வாசலில் கதிரையைப் போட்டு மண்டலின் வாசிப்பார். மீன் கழுவுகிற நேரத்தில் என்ன மண்டலின் என்று அம்மா ஏசுவார். நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்றும் ஏசுவார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாணப் பெண் கோயிலுக்குப் புறப்படும்போது தகப்பன் வாசலில் நின்று பாடி அனுப்புவார். சுற்றி நிற்பவர்கள் சிரட்டை தட்டுவார்கள், போத்தலில் கரண்டியால் தாளம் போடுவார்கள். பாட்டு முழுவதும் பறங்கிப் பாஷை. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தந்தை காலமாகிவிட்டதால், தன் ஒரே தங்கையை அப்பாதான் அப்படிப் பாடி அனுப்பினார்.

எனக்குப் பேசியது நகரத்தில் ஒரு படித்த குடும்பம். நான் அப்போது பெரிய நாகரிகக்காரி. கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, அப்பா அலுமாரியில் தன் கோட்டுச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். அவையின்ர ஆக்கள் சிரிப்பினம்."

அப்பா கோட்டை எடுத்துத் தூசு தட்டினார்.

"ஓம் பிள்ளை. உமக்கு வேண்டாமெண்டா வேண்டாம். அம்மாட்டச் சொல்லாதையும், நான் பார்த்துக்கொள்ளுறன்."

மறுநாள் காலை, தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னார். அம்மா மல்லித் தண்ணீர் அவித்து அவித்துக் கொடுக்க, முகம் சுளிக்காமல் குடித்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. பதினைந்து வருடம் பாடகர் குழுவை நடத்திய மனிதர், தன் மூத்த மகளின் கலியாணப் பூசையில் வாய் திறக்காமல் இருந்தார். அன்று வாசலில் என் நெற்றியில் சிலுவை மட்டும் போட்டு அனுப்பினார். என்னை அழைத்துப்போக வந்திருந்த கணவரின் தாயார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாட்டு இல்லையோ பிள்ளை? அதைக் கேட்கத்தான் வெள்ளண எழும்பி வந்தனான்."

அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பாடச் சொல்லி அப்பாவிடம் திரும்பிப் போகவில்லை.

அப்பா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. மன்னிப்புக் கேட்போம், கேட்போம் என்று எனக்கும் வருடங்கள் போயின. தங்கைக்குக் கலியாணம் நிச்சயமானபோது, பாடுவேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் பாரிசவாதம் வந்து குரலையும் வலது கையையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து தங்கை அந்தப் பாட்டைச் சொல்லித்தரும்படி கெஞ்சினாள். அப்பாவின் உதடு அசைந்தது, காற்றுத்தான் வந்தது. என்னைப் பார்த்தார். என்னால் அங்கே நிற்க ஏலவில்லை. அவர் குரலைக் கேட்க இன்றைக்கும் மனம் கிடந்து தவிக்கிறது.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செபித்த சுவாமிமாருக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு தந்த அயலவர்களுக்கும், லோஞ்ச் பிடித்து வந்த மூதூர் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மாவும் தங்கையும் இந்த உண்மையை இந்த நினைவு மலரில்தான் முதன்முதலாக வாசிக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். துக்கத்துக்காகத் தள்ளிவைத்த தங்கையின் கலியாணம் வைகாசியில் நடக்கும். அப்பாவின் தங்கைக்குப் பாட்டின் முதல் வரி மட்டுமே நினைவிருக்கிறது. தன் கலியாணத்தன்று மிச்சம் பாடும்போது அழுதுகொண்டு நின்றாராம். புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் எங்கள் உறவுகளே, ஒரு வரி தெரிந்தாலும் வந்து சொல்லித் தாருங்கள். வாசலில் அப்பாவின் இடத்தில் நான்தான் நிற்கப்போகிறேன். எனக்கு நல்ல குரல் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.